ஒன்றை இறக்கினால் எல்லாவற்றையும் இறக்குவோம்

ஊசி பிடித்த தோழியரே, தோழர்களே!

2025-இல் நம் கண்காட்சி ஒன்றிலிருந்து இரண்டு குவில்ட்டுகளை எடுக்கச் சொன்னார்கள். செய்தி உங்களில் பலருக்கு எட்டியிருக்கும். ‘அடப் பாவமே’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனவர்களும் நம்மில் உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறேன்.

நடந்தது இதுதான். ஸ்டூடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ், கலைக் குவில்ட் படைப்பவர்களுக்காக 1989-இல் இவோன் போர்செல்லா தொடங்கிய அமைப்பு. அது சிவப்பு நிறத்தை மையமாக வைத்து ‘கலர் இன் கான்டெக்ஸ்ட்: ரெட்’ என்று ஒரு கண்காட்சியைத் தொகுத்தது. முறைப்படித் தேர்வான படைப்புகள். அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி ஊர் ஊராக நடத்தும் ‘குவில்ட்வீக்’ காட்சிகளில் அவற்றை வைப்பதாக ஏற்பாடு. அங்கேதான், இந்த இரண்டு மட்டும் வேண்டாம் என்றார்கள் நடத்துநர்கள். இரண்டும் பெண்ணின் உடலைப் பற்றியவை, அந்த உடல்மீது அவளுக்கு இருக்கும் உரிமையைப் பற்றியவை.

அமெரிக்காவில் அது எப்பேர்ப்பட்ட நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக 1973-இல் ஏற்றுக்கொண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2022 ஜூன் 24 அன்று அந்தத் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கையில் இருந்த உரிமை ஒரே காலையில் பறிபோனது. அதைப் பற்றிப் பெண்கள் தைக்காமல் வேறு யார் தைப்பார்கள்? சிவப்பு என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, பெண்ணிடம் ரத்தத்தைப் பற்றிப் பேசாதே என்றால் அவள் எதைப் பேசுவாள்?

அசோசியேட்ஸ் அமைப்பு தலையாட்டவில்லை. இரண்டை எடுத்துவிட்டு மிச்சத்தை மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. அந்த ஆண்டின் மற்றக் காட்சிகளிலிருந்து கண்காட்சி முழுவதையும் திரும்பப் பெற்றது. நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு இந்த ஒரு செயல்தான் காரணம். இது ஓர் அமைப்பின் ஒருமுறை வீரமாக முடிந்துவிடக் கூடாது. குவில்ட் தைக்கும் ஒவ்வொரு சங்கமும், ஒவ்வொரு சிறு குழுவும் இதையே வழக்கமாக, எழுதிவைத்த விதியாக ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒரு குவில்ட்டை இறக்கினால் நம்முடையவை எல்லாம் இறங்கும் என்று நாம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஏன் எல்லாம் என்று கேட்பீர்கள். பெரிய குவில்ட் காட்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பார்வையாளர் துணியைத் தொடக் கூடாது. வெள்ளைக் கையுறை மாட்டிய தன்னார்வலர்கள் ஆங்காங்கே நிற்பார்கள். ‘பின்பக்கம் பார்க்கலாமா?’ என்று கேட்டால் கீழ் மூலையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்பிக் காட்டுவார்கள். பின்பக்கத்தில்தான் தைத்தவளின் கை தெரியும். நூல் எங்கே முடிந்தது, முடிச்சு எங்கே ஒளிந்தது, மேல் துணி, நடுப் பஞ்சு, அடித் துணி மூன்றையும் ஊசி ஒரே சீராகத் துளைத்ததா என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். மேல் ஓரத்தில் நாலங்குல அகலத்துக்கு ஒரு துணிப்பட்டி, அதற்குள் கம்பி. கீழ் மூலையில் ஒரு சின்ன லேபிள்: தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு.

இறக்குவது எவ்வளவு சுலபம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர், ஓர் ஏணி. கம்பியை உருவி, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி உருட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து நாடா ஒட்டினால் முடிந்தது. ஒரு வருஷ உழைப்பு ஐந்து நிமிடத்தில் பெட்டிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் நம் வயிற்றில் அடிப்பது. சுவரில் விழுந்த இடைவெளியை அப்படியே விட்டால் வருபவர்கள் ‘இங்கே என்ன இருந்தது?’ என்று கேட்பார்கள். ஆகவே பக்கத்தில் தொங்கும் குவில்ட்டுகளைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்துவார்கள். இடைவெளி மறைந்துவிடும். தோழியின் குவில்ட் இருந்த இடத்தை மூடுவது உங்கள் குவில்ட், என் குவில்ட். நம் கைவேலையைக் கொண்டே நம்மில் ஒருத்தியின் வாயை அடைக்கிறார்கள். அதற்கு நாம் துணி கொடுக்க வேண்டுமா?

‘தைத்தோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதானே, குவில்ட்டுக்குள் அரசியல் எதற்கு?’ என்று கேட்பவர்கள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். நல்லவர்கள். மனம் சோர்ந்த நேரத்தில் நிம்மதிக்காக ஊசியை எடுத்தவர்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர்கள் கையில் பிடித்திருக்கும் கலையின் வரலாறு அவர்களுக்கு யாரும் சொல்லித்தராத வரலாறு.

1836 டிசம்பரில் பாஸ்டன் நகரத்துப் பெண்கள் அடிமை முறைக்கு எதிராக நிதி திரட்ட ஒரு சந்தை நடத்தினார்கள். அங்கே வைத்த பொருள்களில் ஒன்று, தொட்டில் குழந்தைக்குப் போர்த்தும் சின்னக் குவில்ட். நட்சத்திரம் நட்சத்திரமாகத் துணி இணைத்து, நடுவில் மையால் சில வரிகள் எழுதியிருந்தது: உன் குழந்தையைக் கொஞ்சும்போது, குழந்தையைப் பறிகொடுத்த அடிமைத் தாயை நினைத்துக்கொள் என்னும் பொருளில். தொட்டில் துணியில் அரசியல்! ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே.

அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் கவுன்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இடம். 1965 தொடங்கியபோது அங்கே அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ஆற்றின் வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் ஊர்க்காரர்கள் எதிர்க்கரையில் இருக்கும் அரசு அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைப் பதிய முயன்ற காலத்தில், 1962-இல், படகுச் சேவையே நின்றுபோனது. அது திரும்ப வர 2006 ஆனது. வாக்குரிமை கேட்ட குடும்பங்கள் குத்தகை நிலத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் வெளியேற்றப்பட்டன. அந்தப் பெண்களிடம் மிச்சம் இருந்தது கிழிந்த வேலை உடுப்புகளிலிருந்தும் மாவுச் சாக்குகளிலிருந்தும் தைத்த போர்வைகள்தாம். 1966 மார்ச்சில் அவர்கள் ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை முன்நின்று நடத்தினார். குவில்ட்டுகள் நியூயார்க்கில் ஏலத்துக்குப் போயின. வந்த பணத்தில் அவர்கள் நிலம் வாங்கினார்கள். துரத்தப்பட்ட குடும்பங்கள் சில அந்த நிலத்தில்தான் குடியேறின.

இன்று ஜீஸ் பெண்ட் என்றால் அருங்காட்சியகங்கள் கைகூப்புகின்றன. 2002-இல் ஹூஸ்டனிலும் அதையடுத்து நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் அந்த ஊர்ப் போர்வைகள் தொங்கின. 2006-இல் அஞ்சல்தலையே வந்தது. அந்தப் போர்வைகளின் நேர்கோடு வளைந்து போகும் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவற்றைத் தைத்த கைகளில் சில வாக்காளர் படிவத்தை நிரப்பியதற்காக வீட்டை இழந்தவை என்பதை எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

சுவர்கள் நம்மை எப்போது வரவேற்றன என்பதையும் கவனியுங்கள். அதே விட்னி 1971-இல் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்த குவில்ட்டுகளை ஓவியங்கள்போல் வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டது. குவில்ட்டுக்குக் கலை என்ற பட்டம் கிடைத்த நாள் என்று அதைக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யார் என்று அங்கே பெயர் இல்லை. வடிவம் மட்டும் பேசியது, பெண் பேசவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1973-இல், கலை வரலாற்றாசிரியர் பட்ரீசியா மைனார்டி தம் கட்டுரையில் இதை வெளுத்து வாங்கினார். குவில்ட் வாய் திறக்காதவரை அதற்குச் சுவரில் இடம் உண்டு. வாய் திறந்தால் ஏணி வந்துவிடுகிறது.

கலைஞர் ஃபெயித் ரிங்கோல்ட் வாயை மூட மறுத்தார். 1980-களின் தொடக்கத்தில் தம் வாழ்க்கைக் கதையை எழுதி வைத்துக்கொண்டு பதிப்பாளர்களிடம் அலைந்தார். யாரும் போடவில்லை. அவர் என்ன செய்தார்? கதையைத் துணியிலேயே எழுதினார். முதல் கதைக் குவில்ட் 1983-இல். சுற்றி எழுத்து, நடுவே ஓவியம், ஓரம் முழுக்க ஒட்டுத்துணி. யாருடைய அச்சகமும் தேவைப்படவில்லை. 2024 ஏப்ரலில் 93 வயதில் அவர் காலமானபோது உலகமே அஞ்சலி செலுத்தியது. அந்த அஞ்சலிகளைப் பகிர்ந்தவர்கள்தாம் இன்று ‘குவில்ட்டில் சர்ச்சை வேண்டாமே’ என்கிறார்கள். அவர் பெயரை உச்சரித்துக்கொண்டே அதைச் சொல்ல எப்படி வாய் வருகிறது?

சிலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்களுக்கு அது புரிவதுபோல் வேறு பலருக்குப் புரியாது. 1973 செப்டம்பர் 11 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்களை இழுத்துப்போனார்கள். பலர் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடிச் சிறை வாசலிலும் பிணவறை வாசலிலும் நின்ற பெண்களுக்குத் திருச்சபை இடம் கொடுத்தது. அங்கே கூடி உட்கார்ந்து, சாக்குத்துணியில் கிடைத்த துண்டுகளை ஒட்டித் தைத்துப் படம் ஆக்கினார்கள். ‘அர்ப்பியேரா’ என்று பெயர். பின்னணியில் பெரும்பாலும் ஆண்டிஸ் மலை, மேலே ஒரு சூரியன். அடியில் சுண்டுவிரல் அளவுத் துணிப்பொம்மைகள்: பொதுச் சமையல் பானையைச் சுற்றி நிற்கும் பெண்கள், மூடிய தொழிற்சாலைக் கதவு, போலீஸ் வண்டி. சிலர் காணாமல்போன கணவனின் சட்டையை வெட்டி அந்தப் பொம்மைக்கே உடுப்பாகத் தைத்தார்கள். ‘எங்கே அவர்கள்?’ என்ற கேள்வியை நூலால் எழுதினார்கள். சிலவற்றின் பின்னால் சின்னதாக ஒரு பை வைத்துத் தைத்திருக்கும். அதற்குள் மடித்த காகிதம், படம் எதைச் சொல்கிறது என்று தைத்தவளின் கையெழுத்தில். பத்திரிகை வாயைத் திறக்க முடியாத நாட்டிலிருந்து அந்தத் துணிகள் ரகசியமாக எல்லை தாண்டின. உலகம் செய்தியைத் துணியில் படித்தது.

2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல்போன பிள்ளைகளின் புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரை அறிந்த நமக்கு, அந்தக் கேள்வியை யாரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை. அதைச் சுவரிலிருந்து இறக்குவதற்கு ஒருநாளும் நாம் உடந்தை ஆகக் கூடாது.

எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மெழுகுவத்தி ஊர்வலத்தில், நோயில் இறந்த நண்பர்களின் பெயர்களை அட்டையில் எழுதி அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். அட்டைகள் நிறைந்த சுவரைப் பார்த்த செயற்பாட்டாளர் கிளீவ் ஜோன்ஸுக்கு ஒட்டுத்துணிப் போர்வை நினைவுக்கு வந்தது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் 1,920 துண்டுகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு மனிதரைப் புதைக்கும் குழியின் அளவு. அடுத்த ஆண்டே அது 8,288 ஆகிவிட்டது. இன்று ஏறக்குறைய 50,000 துண்டுகள், 54 டன் எடை. உலகின் மிகப் பெரிய கூட்டுத் தையல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஜீன்ஸ், டை, கரடிப் பொம்மை, திருமணப் பத்திரிகை, காதலனின் சட்டை எல்லாம் அதில் தைத்திருக்கிறது. ஊருக்குப் பயந்து முழுப்பெயரைப் போடாமல் முதல் பெயரை மட்டும் தைத்த அம்மாக்களும் உண்டு. அந்தக் காலத்தில் அந்த நோயின் பெயரைச் சொல்லவே பலர் கூசினார்கள். ‘குடும்பத்தோடு பார்க்க ஏற்றதா?’ என்ற அளவுகோலை அன்று வைத்திருந்தால் அதில் ஒரு துண்டாவது தேறியிருக்குமா? இறந்தவர்கள் எல்லோருமே யாரோ ஒரு குடும்பத்தின் பிள்ளைகள்.

அந்த அளவுகோலைத்தான் இப்போதும் நீட்டுவார்கள். குழந்தைகள் வருவார்கள், வயதானவர்கள் வருவார்கள், முகம் சுளிப்பார்கள் என்பார்கள். குழந்தைகளைப் பற்றிய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு வழி இருக்கிறது. நுழைவாயிலில் அறிவிப்பு வைக்கலாம், தனி அறை ஒதுக்கலாம், எந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கலாம். பெற்றவர்கள் பார்த்து முடிவெடுப்பார்கள். இவற்றில் எதையும் செய்யாமல் ஏணியை எடுக்கும்போது அங்கே பேசுவது குழந்தைகள்மீதான அக்கறையா, டிக்கெட் விற்பனைமீதான பயமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் சொல்வார்கள்: அரங்கு எங்களுடையது, எதை வைப்பது என்பது எங்கள் இஷ்டம். உண்மை. சுவர் அவர்களுடையது. சுவரில் தொங்குவது யாருடையது? நுழைவுக் கட்டணம் கட்டிப் படைப்பை அனுப்புவது நாம். அனுப்பும் செலவும் பல இடங்களில் நம் தலையில். கையுறை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கால் வலிக்க நிற்பது நாம், அதற்குச் சம்பளம் கிடையாது. டிக்கெட் வாங்கி உள்ளே போவது நாம். அங்கே கடை போட்டவர்களிடம் துணியும் நூலும் கத்தரியும் வாங்குவது நாம். வகுப்பு எடுப்பது நம்மவர், வகுப்பில் உட்காருவதும் நம்மவர். நம்மைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அங்கே மிஞ்சுவது கம்பியும் மின்விளக்கும்தான். ஆலைத் தொழிலாளிக்கு இருக்கும் பலம் நமக்கும் இருக்கிறது. இத்தனை காலம் நாம் அதைத் தனித்தனியாக வைத்திருந்தோம்.

அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டியை எதிரி என்று நான் சொல்லவில்லை. 1984-இல் கென்டக்கியின் படூகாவில் தொடங்கிய அமைப்பு அது. குவில்ட்டுக்குப் பரிசும் மதிப்பும் கிடைக்க அது செய்தது கொஞ்சமல்ல. குவில்ட்டுக்கென்று அந்தச் சின்ன ஊரில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. 2013-இல் யுனெஸ்கோ அந்த ஊரைப் படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இவ்வளவு செய்தவர்களிடம்தான் நாம் கூடுதலாக எதிர்பார்க்க முடியும், எதிர்பார்க்கவும் வேண்டும். நம் கோரிக்கை அவர்களை ஒழிப்பது பற்றியது என்று யாராவது திரித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு கேள்வி நேர்மையான கேள்வி, அதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. ஒரு சாதியையோ இனத்தையோ இழிவுபடுத்தி யாராவது தைத்துக் கொண்டுவந்தால் அதற்கும் இப்படி நிற்பீர்களா? நிற்க மாட்டேன். அதைத் தடுக்க வேண்டிய இடம் தேர்வு மேசை. நடுவர்கள் எதைத் தேர்ந்தார்கள், எதை விட்டார்கள், ஏன் என்று பொறுப்பேற்கட்டும். விதிகளை விண்ணப்பத்திலேயே அச்சடிக்கட்டும். அப்படித் தேர்வாகி, பெயர்ப் பட்டியலில் ஏறி, சுவருக்கு வந்தபின் முகம் தெரியாத யாரோ ஒருவர் போட்ட தொலைபேசிக்காக ஒன்றை இறக்குவது வேறு. நம் சண்டை இந்த இரண்டாவதோடுதான்.

விலை இல்லாமல் இது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். முதல்முறையாகப் பெரிய காட்சிக்குத் தேர்வான தோழி ஒருத்தி, ஊரெல்லாம் சொல்லி, வீட்டார் டிக்கெட் எடுத்து வந்திருக்கும்போது, தன் குவில்ட்டைத் தானே இறக்க வேண்டும் என்றால் நெஞ்சு வலிக்கும். பரிசுப் பணம் போகும். இந்த வலியை அவள் ஒருத்தி தாங்கும்படி விட்டால் நாம் தோழர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றவர்கள். அதனால்தான் எல்லோரும் இறக்க வேண்டும் என்கிறேன். ஒருத்தி இறக்கினால் தியாகம், நானூறு பேர் இறக்கினால் பேச்சுவார்த்தை.

வெளிநாட்டில் விசாவில் இருக்கும் நம் பெண்களுக்கு இன்னும் ஒரு பயம் உண்டு. விசா கணவர் பெயரில், இந்தக் கால அமெரிக்காவில் எது எப்போது வம்பாகும் என்று தெரியாது. அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போட முடியாதவர் போட வேண்டியதில்லை. அவர்களுக்கும் சேர்த்துக் குடியுரிமை உள்ளவர்கள் முன்னால் நிற்க வேண்டும். பெயர் சொல்லாமல் நிதிக்குப் பணம் கொடுப்பதும், இரவில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுப்பதும் இந்த வேலையில் பாதி.

‘அதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம்’ என்று சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். நம் ஊரிலும் குவில்ட் வகுப்புகள் வந்துவிட்டன, குழுக்கள் வந்துவிட்டன, கண்காட்சி வைக்கிறோம். பள்ளிக்கூட அரங்கு, கல்யாண மண்டபம், கோயில் டிரஸ்ட் ஹால் என்று யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுத்த இடத்தில்தான் வைக்கிறோம். அங்கே ஒருத்தி மாதவிலக்கைப் பற்றித் தைத்துக் கொண்டுவந்தால், சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவனின் பெயரைத் தைத்துக் கொண்டுவந்தால், ஆணவக் கொலையில் போன பெண்ணின் புடவையை வெட்டித் தைத்துக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? யாரும் கோபமாகப் பேச மாட்டார்கள். ‘நல்லாத்தான்மா இருக்கு, ஆனா ஹால் குடுத்தவங்க சங்கடப்படுவாங்க, இந்தத் தடவை பூ டிசைன் ஒண்ணு குடேன்’ என்று கன்னத்தைத் தட்டி அனுப்புவார்கள். அப்படி அனுப்புகிறவர் நம்மில் ஒருவராகவே இருப்பார். நமக்கு ஏணியே தேவைப்படாது, சுவருக்கு வரும் முன்பே முடித்துவிடுவோம். அதனால் இந்த விதியை முதலில் எழுத வேண்டிய இடம் நம் சொந்தக் குழுதான்.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வரும் பருவத்துக்கான விண்ணப்பங்களை நிரப்புகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். தேர்வான படைப்பை அகற்ற யாருக்கு அதிகாரம், காரணத்தை எழுத்தில் தருவார்களா, படைத்தவருக்கு எத்தனை நாள் முன்பு சொல்வார்கள் என்று பாருங்கள். எதுவும் எழுதியிராவிட்டால் நடத்துநர்களுக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் பதில் வராது. ஒரே வாரத்தில் நாற்பது பேர் கேட்டால் வரும். பதில் வந்ததும் குழுவில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, உங்கள் பேச்சுக்குத்தான் இந்த உலகத்தில் மதிப்பு அதிகம். வகுப்பு எடுக்க ஒப்புக்கொள்ளும்போதே இதே கேள்வியைக் கேளுங்கள். கடை போடும் தோழர்கள் உங்கள் மேசையில், இறக்கப்பட்ட குவில்ட்டின் படத்தையும் தைத்தவர் பெயரையும் அவர் சம்மதத்தோடு வையுங்கள். கையுறை மாட்டி நிற்பவர்கள், இடைவெளியை மூடுவதற்காக யாராவது குவில்ட்டை நகர்த்தச் சொன்னால் ‘என்னால் முடியாது’ என்று கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் வேலைநிறுத்தம்.

குழு நடத்துகிறவர்கள் அடுத்த கூட்டத்திலேயே கீழே இருப்பதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொற்களை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உள்ளடக்கத்தை மாற்றாதீர்கள்:

‘கண்காட்சிக்குத் தேர்வான எந்தப் படைப்பையும் படைத்தவரின் சம்மதம் இல்லாமல் நடத்துநர்கள் அகற்றினால், அந்தக் காட்சியில் இடம்பெற்ற எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் தங்கள் படைப்புகளை அதே நாளில் திரும்பப் பெறுவார்கள். திரும்பக் கொண்டுவரும் செலவைக் குழுவின் பொது நிதி ஏற்கும். எங்கள் சொந்தக் கண்காட்சிகளுக்கும் இந்த விதி பொருந்தும்.’

பொது நிதிக்கு மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் போதும். ஒரு மீட்டர் நல்ல பருத்தித் துணி வாங்கும் காசு. எதிர்ப்பவர்கள் இருந்தால் பேச விடுங்கள், அவசரப்படாமல் கேளுங்கள், பிறகு வாக்கெடுங்கள். தோற்றால் அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கொண்டுவாருங்கள். நிறைவேறினால் அதே வாரத்தில் உங்களுக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும், நீங்கள் படைப்பு அனுப்பும் எல்லாக் காட்சிகளுக்கும் நகல் அனுப்புங்கள். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்த இருவரில் ஒருவராக நீங்கள் இருங்கள், மற்றவரை இன்றைக்கே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.